ஹெச்.எம். சாருங்களுக்கும் பி.டி. சாருங்களுக்கும் ஹாஸ்டல் வார்டனுங்களுக்கும், ஸ்கூலுக்கு எதிர்த்தாப்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற ஒரு அம்மாவோட மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

நான் திண்டுக்கல் மாவட்டத்துல ஒரு ஹையர் செகண்டரி ஸ்கூலுக்கு எதிர்ல ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன் போடுற கடை வச்சிருக்கேன். காலைல எட்டரைக்கு ஷட்டர் தூக்கினா ராத்திரி எட்டு வரைக்கும் பிள்ளைங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன். என் பொண்ணு இப்ப காலேஜ் ரெண்டாவது வருஷம். ஒன்பதாவது படிக்கும்போதிருந்து அவளுக்கு வலிப்பு இருக்கு. இந்த ஒரு வரியை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத எனக்கு அஞ்சு வருஷம் ஆயிருக்கு, அதனால இதை முழுசா படிச்சிருங்கன்னு கேட்டுக்கிறேன்.

முதல்ல எங்க வீட்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுறேன். ஒன்பதாவது முழாண்டு லீவுக்கு முன்னாடி ஒரு ரெண்டு மூணு மாசம் அவ காலைல எந்திரிச்சு காப்பி குடிக்கும்போது டம்ளரை கீழ போட்டுக்கிட்டே இருந்தா. கையில இருந்து யாரோ தட்டி விட்ட மாதிரி விசுக்குனு போகும். டூத்பிரஷ் போகும், சீப்பு போகும். "கவனம் எங்கடி இருக்கு"ன்னு திட்டினேன், ஒரு நாள் முதுகுல ஒண்ணு வச்சேன், காப்பி புடவையில கொட்டிருச்சுன்னு. அப்புறம் லீவுல ஒரு கல்யாணத்துக்குப் போய் ராத்திரி பூரா முழிச்சிருந்துட்டு மறுநாள் விடியக்காலைல பெருசா வந்துருச்சு. மதுரைல நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம், அவர் அவளைப் பார்த்து கேட்ட முதல் கேள்வியே, "காலைல எந்திரிச்ச உடனே கை வெட்டுதாம்மா, டம்ளர் ஏதும் கீழ விழுதா?" எனக்கு அந்த எடத்துலயே அழுகை வந்துருச்சு. ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்ஸின்னு எழுதினார். பன்னெண்டு வயசுல இருந்து பதினெட்டு வயசுக்குள்ள ஆரம்பிக்கிற ஒரு வகை, பெரும்பாலும் தூங்கி எந்திரிச்ச ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்குள்ளதான் வரும், மாத்திரைக்கு நல்லா கேக்கும், ஆனா தூக்கம் கெட்டா மாத்திரையையும் மீறி வரும்னு சொன்னார்.

நானும் அவங்கப்பாவும் ஒரு முடிவு எடுத்தோம். ஸ்கூல்ல சொல்ல வேண்டாம்னு. இப்ப நினைச்சாலும் எனக்கு நெஞ்சு அடைக்குது. டி.சி. கொடுத்து அனுப்பிருவாங்களோ, பக்கத்துல உட்கார பிள்ளைங்க பயப்படுமோ, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது எவராவது "அந்தப் புள்ளைக்கு காக்கா வலிப்பாம்ல"ன்னு இழுத்து விட்ருவாங்களோன்னு பயம். இந்து திருமணச் சட்டத்துலயே வலிப்பு இருந்தா கல்யாணம் செல்லாதுன்னு சொல்ல வழி இருந்துச்சு, 1999ல தான் அந்த வார்த்தையை எடுத்தாங்க. சட்டத்துல இருந்து எடுத்தாச்சு, எங்க சொந்தக்காரங்க வாயில இருந்து இன்னும் எடுக்கல. அதனால மறைச்சோம்.

பத்தாவது வந்துச்சு. காலைல ஆறரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஏழு வரைக்கும் டெஸ்ட், வீட்டுக்கு வந்து பன்னெண்டு மணி வரைக்கும் படிப்பு, மறுபடி அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும். டாக்டர் என்ன சொல்லியிருந்தாரோ அதுக்கு அப்படியே தலைகீழ். ஸ்கூலுக்குத் தெரியாததால ஸ்பெஷல் கிளாஸுக்கு லீவும் கேக்க முடியல. ஒரு திங்கக்கிழமை பிரேயர்ல நின்னுக்கிட்டிருந்தவ அப்படியே விழுந்துட்டா. அது மண் தரை, தாடையில சிராய்ப்பு, அவ்வளவுதான். ரெண்டு நிமிஷத்துல இழுக்குறது தானா நின்னுருச்சுன்னு பக்கத்துல நின்ன பிள்ளைங்க சொன்னாங்க. ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள ரெண்டு பேர் கையைப் பிடிச்சு தரையோட அமுக்கியிருக்காங்க, ஒருத்தர் சாவிக்கொத்தை பல்லுக்கு நடுவுல திணிச்சிருக்காங்க, இன்னொருத்தர் நினைவு வர்றதுக்குள்ள தண்ணிய வாயில ஊத்தியிருக்காங்க. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல, எல்லாரும் பதறிப்போய் பிள்ளைய காப்பாத்தணும்னுதான் செஞ்சிருக்காங்க, அது எனக்கு நல்லாத் தெரியும். அந்த ஸ்கூல் பேரும் எனக்கு வேண்டாம், எந்த ஸ்கூல்ல விழுந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

முன்பல்லு ஒண்ணு பாதியா உடைஞ்சு போச்சு. வலது தோள் வலின்னு சொன்னா, பக்கத்துல ஒரு கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்துட்டு எலும்பு நல்லாத்தான் இருக்கு, சுளுக்குதான்னு கட்டு போட்டு அனுப்பினாங்க. பத்து நாள் கழிச்சு நான் சாப்பாட்டு டப்பாவை நீட்டறேன், அவ வாங்க கையை நீட்டுறா, உள்ளங்கை மேல பார்த்து திரும்பவே மாட்டேங்குது, கை முழுக்க உள்பக்கமாவே மடங்கி நிக்குது. மறுபடி எலும்பு டாக்டர்கிட்ட ஓடினோம், வேற கோணத்துல எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா தோள்பட்டை பின்பக்கமா விலகி இருக்கு. வலிப்புல வர்ற தோள் விலகல் இப்படி பின்பக்கமாப் போறது உண்டு, நேரா எடுக்கிற எக்ஸ்ரேல அடிக்கடி தப்பிப் போயிரும்னு அவர் சொன்னார். தசை இறுகுறதுலயே விலகியிருக்கலாம், பிடிச்சு அமுக்கினதுலயும் விலகியிருக்கலாம், எதுன்னு இப்ப சொல்ல முடியாதுன்னார். பல்லுக்கு மட்டும் சந்தேகமே இல்ல, அது சாவி. ரெண்டு நிமிஷ வலிப்புக்கு மூணு மாசம் கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு திரிஞ்சா, பப்ளிக் எக்ஸாம் எழுத அவளுக்கு இன்னொரு பிள்ளை வேணும்ங்கிற நிலைமைக்கு வந்துட்டோம்.

அதுக்கப்புறம் ஸ்கூலுக்குத் தெரிஞ்சு போச்சு இல்லையா, அடுத்து நடந்ததுதான் இந்த மடல் எழுத முக்கியமான காரணம். விளையாட்டு பீரியட்ல ஸ்டாஃப் ரூம் வாசல்ல உட்கார வச்சாங்க. டூர் கூட்டிட்டுப் போகல. லேப்ல மத்தவங்க செய்யறதைப் பார்த்து எழுதிக்கச் சொன்னாங்க. ஆண்டு விழா டான்ஸ்ல இருந்து எடுத்துட்டாங்க. எல்லாம் "உன் நல்லதுக்குத்தாம்மா"ன்னு. அவ அதுல இருந்து ஒரே ஒரு பாடம் படிச்சா: வெளிய சொன்னா எல்லாத்தையும் பிடுங்கிக்குவாங்கன்னு. காலேஜ் ஹாஸ்டல் ஃபார்ம்ல உடம்புக்கு ஏதும் உண்டான்னு கேட்ட எடத்துல "இல்லை"ன்னு எழுதிட்டா, எங்கிட்டயும் சொல்லல. ரெண்டடுக்குக் கட்டில்ல மேல் கட்டில் கொடுத்திருக்காங்க. ஆறு மாசம் மேல் கட்டில்லதான் படுத்திருக்கா. அவளோட ரூம்மேட் ஒரு பொண்ணு, மாத்திரை சாப்பிடறதைப் பார்த்துட்டு தானா கேட்டு, தானா கட்டிலை மாத்திக்கிச்சு. அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு நான் இன்னும் நேர்ல போய் கும்பிடு போடல.

அதனால உங்ககிட்ட நான் சொல்ல வர்றது இது ஒண்ணுதான். தள்ளி வச்சா பிள்ளைங்க மறைப்பாங்க, மறைச்சா அடிபடுவாங்க. சொன்னா எதையும் இழக்க மாட்டோம்னு ஒரு பிள்ளைக்கு நம்பிக்கை வந்துருச்சுன்னா பாதி காயத்தை அங்கயே தடுத்துரலாம், மீதிக்கு எடத்தை சரி பண்ணணும், எடத்தை சரி பண்றது உங்க கையில இருக்கு.

எண்ணிக்கை ரொம்பக் கம்மின்னு நினைச்சுராதீங்க. உலகத்துல கிட்டத்தட்ட 5 கோடி பேருக்கு இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, சரியா கண்டுபிடிச்சு சரியா மருந்து கொடுத்தா அதுல 70 சதவீதம் பேர் வலிப்பே வராம இருக்கலாம்னும் சொல்லுது. ஆயிரம் பிள்ளைங்க படிக்கிற ஒரு ஸ்கூல்ல நாலஞ்சு பேராவது இருப்பாங்க. உங்க ஸ்கூல்ல யாருமே இல்லைன்னு நீங்க நினைச்சா அந்த நாலஞ்சு பேர் வாயைத் திறக்கலைன்னு அர்த்தம். வருஷத்துக்கு ஒரு தடவை வேன்ல ஆர்.பி.எஸ்.கே.ன்னு பிள்ளைங்க உடல்நலத்துக்கான அரசு திட்டத்தோட டாக்டர் டீம் வந்து பிள்ளைங்கள பார்த்துட்டுப் போறாங்கல்ல, 2013ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல பார்க்கச் சொன்ன 30 பிரச்சனைல வலிப்பும் ஒண்ணு. அன்னைக்கு பி.டி. சாரும் கிளாஸ் டீச்சரும் அந்த டாக்டர்கிட்ட பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசினாலே போதும்.

இப்ப சாவி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இதை நம்ம ஊர்ல மாத்தறது லேசு இல்ல, எங்க மாமியாரே இன்னைக்கு வரைக்கும் தலகாணிக்கு அடியில ஒரு அரிவாளை வச்சிருக்காங்க. பெரும்பாலான வலிப்பு ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா நின்னுரும். ஒருத்தர் ஓடிப்போய் சாவியைத் தேடி எடுத்துட்டு வந்து கையில வைக்கிறதுக்கும் அது நிக்கிறதுக்கும் சரியா இருக்கும், பார்த்தவங்க எல்லாம் இரும்புதான் நிறுத்துச்சுன்னு நினைப்பாங்க. வெங்காயமும் செருப்பும் இப்படித்தான் பேர் வாங்குச்சு. கையில வைக்கிற சாவியாவது பெருசா கெடுதல் செய்யாது, வாயில வைக்கிறதுதான் ஆபத்து. நாக்கை யாரும் முழுங்க முடியாது. நாக்கைக் கடிக்கிறது ஆரம்பிச்ச உடனேயே நடந்து முடிஞ்சிரும், அதுக்கப்புறம் தாடை பூட்டிக்கும், அந்தத் தாடையைத் திறக்க ஸ்பூனோ ஸ்கேலோ விரலோ விட்டா ஒண்ணு பல்லு உடையும், இல்ல உடைஞ்ச துண்டு மூச்சுக்குழாய்க்குள்ள போகும், இல்ல உங்க விரல் போகும்.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. முதல்ல மணியைப் பாருங்க, ஏன்னா பதட்டத்துல ஒரு நிமிஷம் பத்து நிமிஷமாத் தெரியும். சுத்தி இருக்கிற பெஞ்ச், கல்லு, டெஸ்க் முனை, எதுல இடிக்குமோ அதை நகர்த்துங்க. தலைக்கு அடியில ஸ்கூல் பேக், துப்பட்டா, மடிச்ச ஸ்வெட்டர் எதையாவது மெத்துன்னு வைங்க. கண்ணாடி போட்டிருந்தா கழட்டுங்க, டை பெல்ட் இறுக்கமா இருந்தா தளர்த்துங்க. கையை காலை பிடிக்காதீங்க. ஒருக்களிச்சு படுக்க வைங்க, எச்சில் வெளிய வடியட்டும். நினைவு முழுசா திரும்பற வரைக்கும் தண்ணி, சோடா, காப்பி எதுவும் வேண்டாம். வெட்டுறது அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா, இல்ல நடுவுல நினைவே திரும்பாம அடுத்தடுத்து வந்தா, இல்ல தண்ணிக்குள்ள வந்தா, இல்ல தலையில பலமா அடிபட்டா, இல்ல இதுதான் முதல் தடவைன்னா, 108க்கு அடிச்சிருங்க. சில பிள்ளைங்களுக்கு டாக்டரு, வலிப்பை நிறுத்த மூக்குல அடிக்கிற மிடசோலம் ஸ்பிரே எழுதிக் கொடுத்திருப்பாங்க, எடைக்கு ஏத்த அளவு சீட்டுலயே இருக்கும். டாக்டர் லெட்டரும் அப்பா அம்மா கையெழுத்தும் வாங்கி வச்சுக்கிட்டு அதை கைக்கு எட்டுற எடத்துல வைங்க. பீரோவுல பூட்டி, சாவி ஹெச்.எம். பைக்ல இருக்கு, ஹெச்.எம். சி.இ.ஓ. ஆபீஸ் மீட்டிங்ல இருக்கார்னா அந்த ஸ்பிரே இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நின்னதும் பிள்ளை அரை மணி நேரம் குழம்பி இருக்கும், தூங்கும், சிலது எந்திரிச்சு எங்கிட்டாவது நடக்கும். ஒரு ஆளு கூடவே இருக்கணும். யூனிஃபார்ம் ஈரமாயிருக்கும் சில நேரம், அதுக்குத்தான் அந்த வயசுப் பிள்ளைங்க மறுநாள் ஸ்கூலுக்கு வரவே கூசும். சுத்தி நிக்கிற கூட்டத்தை கலைச்சு விட்டுட்டு ஒரு துணிய மேல போர்த்தி விடுங்க, இது எந்த டாக்டர் சீட்டுலயும் இருக்காது, ஆனா என் பொண்ணு எங்கிட்ட சொன்னது இதைத்தான்: "மா, பல்லு உடைஞ்சது கூட பரவால்ல, எல்லாரும் பார்த்துட்டே நின்னாங்கம்மா." சாயங்காலம் கை திருப்ப முடியுதா, முதுகு வலிக்குதான்னு வீட்ல பார்க்கச் சொல்லுங்க. தோள் மாதிரியே முதுகெலும்பும் சில பேருக்கு இறுக்கத்துல நசுங்கி விரிசல் விடும், விழுந்த வலிதான்னு விட்ருவோம்.

எல்லா வலிப்பும் விழுந்து வெட்டுறது இல்ல, அதையும் டீச்சருங்க தெரிஞ்சுக்கணும். சின்னப் பிள்ளைங்க சிலது பாடம் நடக்கும்போது பத்து செகண்ட் அப்படியே வெறிச்சுப் பார்த்து நிக்கும், கூப்பிட்டா காதுல விழாது, அப்புறம் விட்ட எடத்துல இருந்து எழுதும். பகல் கனவு காணுதுன்னு முட்டி போட வைப்போம். அதே பத்து செகண்ட் ரோட்டைத் தாண்டும்போது வந்தா என்ன ஆகும்னு யோசிங்க. இன்னும் சிலது வாயை மென்னுக்கிட்டு சட்டைப் பட்டனைத் திருகிக்கிட்டு நடந்து போகும், அதட்டினாலோ பிடிச்சு இழுத்தாலோ திமிறும், மாடிப்படி, அடுப்பு இருக்கிற பக்கம் போகாம மெதுவா அணைச்சு திருப்பி விட்டாப் போதும்.

தண்ணிதான் எனக்கு ரொம்ப பயம். வலிப்பு இருக்கிறவங்க தண்ணியில மூழ்கி சாகுற ஆபத்து மத்தவங்களை விட 15ல இருந்து 19 மடங்கு அதிகம்னு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. எங்க பக்கம் கிணறு பூரா சுவர் கட்டாத தரைக் கிணறு, மே மாசம் வந்தா பசங்க மேட்டுல இருந்து குதிப்பாங்க. எங்க சொந்தத்துல ஒரு பையன், பதினாறு வயசு, வாய்க்கால்ல முழங்கால் அளவு தண்ணியில துணி அலசப் போனவன். நீச்சல் தெரிஞ்ச பையன்தான். அவனுக்கு வலிப்பு இருக்குன்னு கூட வந்த சேக்காளிங்க ஒருத்தருக்கும் தெரியாது, அவன் முழுகி விளையாடுறான்னு நினைச்சு கரையில நின்னு எண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. ஒரே ஒரு பையனுக்குத் தெரிஞ்சிருந்தாலும் தலையைத் தூக்கிப் பிடிச்சிருப்பான்.

இதுக்காக நீச்சலே கூடாதுன்னு நான் சொல்லல. வலிப்புக்கான சர்வதேச அமைப்பு 2016ல விளையாட்டை எல்லாம் மூணா பிரிச்சு சொல்லியிருக்கு. ஓட்டப் பந்தயம், வாலிபால், குழுவா தரையில விளையாடுறதுல பெரும்பாலானதுக்கு கூடுதல் ஆபத்து பெருசா இல்ல. நீச்சல், சைக்கிள், ஜிம்னாஸ்டிக்ஸ், குதிரை சவாரி இதெல்லாம் நடுவுல, வலிப்பு எந்த அளவுக்கு கட்டுப்பாட்டுல இருக்குன்னு டாக்டர் பார்த்து சொல்லணும். மலையேறுறது, ஆழ்கடல்ல இறங்குறது, பாராசூட், மோட்டார் ரேஸ், இது மூணாவது. பி.டி. சாருங்களே, நம்ம கிரவுண்டுல தினம் நடக்கிற விளையாட்டு எத்தனை அந்த மூணாவதுல வருது? ஒண்ணும் இல்ல. என் பொண்ணை ஸ்டாஃப் ரூம் வாசல்ல உட்கார வச்சதுக்கு எந்த மருத்துவக் காரணமும் கிடையாது. நீச்சல்னா அந்தப் பிள்ளைக்குன்னு ஒரு ஆளு, விஷயம் தெரிஞ்ச, தூக்கிட்டு வரத் தெம்பு உள்ள ஆளு, கண்ணை எடுக்காம பார்க்கணும், கிணறு கண்மாய் வேண்டாம், அடி தெரியுற தண்ணியா இருக்கணும். தண்ணியில வந்துருச்சுன்னா முகத்தை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, வெட்டு நின்னதும் கரைக்குக் கொண்டு வந்து, நல்லா இருக்கான்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க, நுரையீரல்ல தண்ணி போயிருக்கலாம்.

பதினோராவதுக்கு கவர்ன்மெண்டு சைக்கிள் கொடுக்குது. அந்த சைக்கிள் ஒரு பிள்ளைக்கு என்னன்னு எனக்குத் தெரியும், வாங்கின அன்னைக்கு என் கடை வாசல்ல நிறுத்தி வச்சு பிள்ளைங்க அதைத் துடைக்கிறதைப் பார்த்திருக்கேன். ஓட்டலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, வலிப்பு நின்னு எவ்வளவு நாளாச்சுங்கிறதை வச்சு சொல்வார். ஓட்டலாம்னா ஹெல்மெட், பஸ் ஓடாத தெரு, கண்மாய்க் கரை வழி வேண்டாம், கூட ஒரு ஆளு. பைக், ஸ்கூட்டி வேற கதை, லைசென்ஸ் அப்ளிகேஷன்ல ஃபார்ம் ஒண்ணுலயே வலிப்பு உண்டான்னு நேராக் கேப்பாங்க. நான் தினம் டைப் பண்ற ஃபார்ம் அது. அந்தக் கட்டத்துல பொய்யா டிக் போடச் சொல்லி யாராவது கேட்டா நான் போட மாட்டேன், உங்க பிளஸ் டூ பசங்களுக்கும் நீங்க சொல்லுங்க.

நெருப்பும் அப்படித்தான். கெமிஸ்ட்ரி பிராக்டிகல்ல ஸ்பிரிட் விளக்குகிட்ட, ஆசிட்கிட்ட தனியா விடாம ரெண்டு ரெண்டு பேரா நிறுத்துங்க, பிராக்டிகலை விட்டு வெளிய அனுப்பாதீங்க. ஹாஸ்டல் மெஸ்ல கொதிக்கிற சாம்பார் அண்டாவுல இருந்து அந்தப் பிள்ளை மொண்டு ஊத்த வேண்டாம், தட்டுல வாங்கிக்கட்டும். வீட்டு வேலை பார்த்து சமைச்சு வச்சுட்டு வர்ற பொண்ணுங்க இருக்காங்க, அவங்க அம்மாவைக் கூப்பிட்டு, பின்னாடி பர்னர்ல வைக்கச் சொல்லுங்க, பாத்திரத்தோட கைப்பிடிய உள்பக்கமா திருப்பி வைக்கச் சொல்லுங்க, வீட்ல ஆள் இல்லாதப்ப அடுப்பு பத்த வைக்க வேண்டாம்னு சொல்லுங்க. விறகு அடுப்புன்னா தரையோட இருக்கும், விழுந்தா நேரா அதுலதான் விழணும், அங்க கண்டிப்பா இன்னொரு ஆளு வேணும்.

உயரத்துல, மொட்டை மாடி கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழ இருந்தா மாடிக் கதவைப் பூட்டி வைங்க, அது எல்லாப் பிள்ளைக்கும் நல்லது. கிளாஸ் ரூம் முதல் மாடியில இருந்தா அந்த ஒரு செக்‌ஷனை கீழ மாத்துங்க. ஹாஸ்டல்ல கீழ் கட்டில். பாத்ரூம் கதவுக்கு உள் தாழ்ப்பாள் போட வேண்டாம், வெளிய "ஆள் இருக்கு"ன்னு ஒரு அட்டை தொங்க விட்டா மானமும் போகாது, விழுந்தா கதவை உடைக்கவும் வேண்டாம். கதவு வெளிப்பக்கமா திறக்கணும், இல்லைன்னா உள்ள விழுந்தவ கதவுக்குக் குறுக்க கிடந்தா திறக்கவே முடியாது. ஸ்டூல்ல உட்கார்ந்து மக்ல மோந்து குளிக்கட்டும், தொட்டிக்குள்ள இறங்க வேண்டாம்.

வார்டன் மேடங்களுக்கு இன்னொன்னு, இதை எழுதறதுக்கு எனக்கு கை நடுங்குது ஆனா எழுதணும். வலிப்பு இருக்கிறவங்கள்ல சிலர் தூக்கத்துலயே திடீர்னு இறந்து போயிருவாங்க. வருஷத்துக்கு பெரியவங்கள்ல 1000 பேர்ல ஒருத்தர், பிள்ளைங்கள்ல 4500 பேர்ல ஒருத்தர்னு கணக்கு சொல்றாங்க. அபூர்வம்தான், ஆனா பெரிய வலிப்பு அடிக்கடி வர்றவங்களுக்கு அந்த ஆபத்து கூடுது, மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டு வலிப்பை நிறுத்தி வச்சா குறையுது. ராத்திரி ரூம்ல கூட ஒருத்தர் படுத்திருந்தாலும் குறையுது. அதனால "மத்த பிள்ளைங்க பயப்படும்"னு தனி ரூம் கொடுக்காதீங்க, அது அந்தப் பிள்ளைக்குச் செய்யுற பெரிய கெடுதல்.

தூக்கத்தைப் பத்தி ஹெச்.எம். சாருங்ககிட்ட கெஞ்சியே கேக்குறேன். ரிசல்ட்டு உங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியும், எதிர் கடையில உட்கார்ந்து 100 சதவீதம் ஃபிளெக்ஸ் பேனருக்கு டைப் பண்ணிக் கொடுக்கிறதே நான்தான். ஆனா ஆறரை மணி கிளாஸ்ல இருந்து அந்த ஒரு பிள்ளைக்கு விலக்கு கொடுங்க, சாயங்காலமா நோட்ஸ் கொடுங்க. டெஸ்ட்ல தோத்தா ராத்திரி உட்கார்ந்து நூறு தடவை எழுதிட்டு வான்னு சொல்லாதீங்க. காய்ச்சல்ல, சாப்பிடாம இருக்கிறப்ப, மாத்திரை ஒரு வேளை விட்டுப் போனப்பவும் வரும். தைப்பூசத்துக்கு எங்க ஊர் வழியா பழநிக்கு பாதயாத்திரை போற கூட்டத்துல பிள்ளைங்களையும் பார்க்கிறேன், ராப்பகலா நடை, விரதம்னு மாத்திரையையும் நிறுத்திருவாங்க. முருகன் மாத்திரைய விடச் சொல்லல, டீச்சர் ஒரு வார்த்தை சொன்னா வீட்ல கேப்பாங்க, நான் சொன்னா கேக்க மாட்டாங்க. ஆண்டு விழாவுல மினுக்கு மினுக்குன்னு வெட்டுற லைட் போடுறீங்கல்ல, சில பிள்ளைங்களுக்கு, முக்கியமா என் பொண்ணு மாதிரி வகைக்கு, அதுலயும் வரலாம். லைட்டை நிறுத்துங்க, பிள்ளையை நிறுத்தாதீங்க.

கடைசியா நான் என்னால செய்ய முடிஞ்சதை செஞ்சு வச்சிருக்கேன். எங்க டாக்டர்கிட்ட காமிச்சு சரி பண்ணி ஒரே பக்கத்துல ஒரு ஃபார்ம் டைப் பண்ணி வச்சிருக்கேன். பிள்ளை பேர், வலிப்பு வந்தா எப்படி இருக்கும், வழக்கமா எத்தனை நிமிஷம், வர்றதுக்கு முன்னாடி ஏதும் தெரியுமா, என்ன மாத்திரை எத்தனை மணிக்கு, ஸ்பிரே உண்டா, எத்தனை நிமிஷத்துல 108 கூப்பிடணும், யாருக்கு போன் பண்ணணும், எந்த விளையாட்டுக்கு டாக்டர் சரி சொல்லியிருக்கார், அடியில டாக்டர் கையெழுத்து, பெத்தவங்க கையெழுத்து. "எதுல இருந்தெல்லாம் விலக்கணும்"னு ஒரு கட்டம் முதல்ல போட்டிருந்தேன், என் பொண்ணு அதை அடிச்சுட்டு "எதெல்லாம் எப்படிச் செய்யலாம்"னு மாத்திட்டா. அதை கிளாஸ் டீச்சர் ஒண்ணு, பி.டி. சார் ஒண்ணு, வார்டன் ஒண்ணு, பிள்ளையோட பக்கத்து சீட்டு சிநேகிதி ஒண்ணு வச்சுக்கிட்டா போதும், நோட்டீஸ் போர்டுல ஒட்ட வேண்டாம். எந்த ஸ்கூல்ல இருந்து யார் வந்து கேட்டாலும் எத்தனை காப்பி வேணும்னாலும் காசு வாங்காம போட்டுத் தர்றேன். நவம்பர் 17 தேசிய வலிப்பு தினம், அன்னைக்கு பிரேயர்ல பத்து நிமிஷம் கொடுத்தா அவளே வந்து பேசுறேன்னு சொல்லியிருக்கா. வலது கை இப்பவும் முழுசா மேல தூக்க வராது, இடது கையில த்ரோபால் ஆடுறா, காலேஜ் டீம்ல இருக்கா, லீவுல வரும்போது கடையில எனக்குத் துணையா உட்கார்ந்து இந்த ஃபார்மைத்தான் ஸ்டேப்ளர் அடிச்சு அடுக்கிக்கிட்டு இருக்கா.

இப்படிக்கு,
எதிர்த்த ஜெராக்ஸ் கடை அம்மா,
திண்டுக்கல் மாவட்டம்